சரக்கு முடங்கவில்லை சார், புளிப்பு இறங்குகிறது

பதிவு எழுதி ரொம்ப நாளாயிற்று. ஆணி அதிகம். இன்றைக்கும் எழுதியிருக்க மாட்டேன். போன வாரம் உட்கார்ந்துவிட்டு வந்த ஒரு பயிற்சி வகுப்பு எழுத வைத்துவிட்டது.

எங்களைப் போன்ற கடன் பிரிவு ஆசாமிகளை அவ்வப்போது ஒரு ஏ.சி. அறையில் அடைத்து, டீயும் பிஸ்கட்டும் கொடுத்து, தெரிந்த விஷயங்களையே திரையில் காட்டுவார்கள். அன்றைய பாடம், முடங்கிய சரக்கைக் கண்டுபிடிப்பது எப்படி. உதாரணத்துக்கு ஒரு ஒயின் ஆலை. மார்ச் 31 அன்று டாங்க் நிறையச் சிவப்பு ஒயின். திராட்சை பறித்து ஆறேழு வாரம் ஆகிவிட்டது. சர்க்கரை முழுவதும் ஆல்கஹாலாக மாறிவிட்டது. ஆனால் பாட்டிலுக்குப் போகவில்லை. "தயாரிப்பு முடிந்த பிறகும் டாங்கில் கிடக்கிறது என்றால் என்ன அர்த்தம்? வாங்க ஆள் இல்லை. டி.பி.யில் இருந்து கழித்துவிடுங்கள்" என்றார் வகுப்பெடுத்தவர். முப்பது தலைகள் ஆடின.

(டி.பி. என்றால் டிராயிங் பவர். கையிருப்புச் சரக்கின் மதிப்பை வைத்து, பார்ட்டி எவ்வளவு பணம் எடுக்கலாம் என்று நாங்கள் போடும் கணக்கு. சரக்கைக் கழித்தால் எடுக்கக்கூடிய பணமும் குறையும்.)

2016-ல் நாசிக்கில் என் தலையும் இப்படித்தான் ஆடியது. ஆடியதோடு நிற்காமல் குறிப்பும் எழுதியது. அதற்கான விலையை வேறு ஒருவர் கொடுத்தார். அதனால்தான் இந்தப் பதிவு.

ஆரம்பத்திலேயே ஒரு டிஸ்கி. நான் குடிப்பதில்லை. தலைப்பில் உள்ள "சரக்கு" ஸ்டாக் ஸ்டேட்மெண்டில் வரும் சரக்கு. (இந்தத் தொழிலில் இரண்டும் ஒன்றாகிப் போனதற்கு நான் பொறுப்பில்லை, ஹிஹி.) குடி எத்தனை வீடுகளைக் கெடுத்தது என்று ஊரில் கண்ணால் பார்த்தவன். அது வேறு பதிவு. இங்கே பேச்சு ஒரு விவசாயியின் கடனைப் பற்றி. அப்புறம், உங்கள் வீட்டு இட்லி மாவைப் பற்றி.

மாவு பொங்காத ஊரில்

நான் பிறந்து வளர்ந்தது கம்பம் பக்கம். பன்னீர் திராட்சை விளைகிற பள்ளத்தாக்கு. அங்கே ராத்திரி மாவைக் கரைத்து வைத்தால் காலையில் பாத்திரத்தை விட்டு வெளியே வந்து நிற்கும். நாசிக்குக்கு மாற்றலாகிப் போன முதல் டிசம்பரில் அந்த மாவு அப்படியே கல்லாகக் கிடந்தது. ராத்திரி பத்து டிகிரிக்குப் போகும் ஊர் அது. தங்கமணி முதல் நாள் உளுந்தைத் திட்டினாள். இரண்டாம் நாள் அரிசியைத் திட்டினாள். மூன்றாம் நாள் என்னைத் திட்டினாள் (மாற்றல் வாங்கியது நான்தானே). அப்புறம் பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் சூடு வரும் இடத்தில் வைத்துப் பழகிக்கொண்டோம். காலையில் பொங்கவில்லை என்றால் மத்தியானம் வரை விட்டுவிடுவோம். அன்றைக்கு உப்புமா.

டெல்லி, சண்டிகர், இந்தூர் என்று எங்கே இருந்தாலும் இந்தக் கதை உங்களுக்கும் இருக்கும். நம்மில் யாராவது பொங்காத மாவை "முடங்கிய சரக்கு" என்று குப்பையில் கொட்டியிருக்கிறோமா? மாட்டோம். உள்ளே ஒரு வேலை நடக்கிறது, குளிரில் மெதுவாக நடக்கிறது என்று நமக்குத் தெரியும். அவசரப்பட்டு ஆப்ப சோடா போட்டால் இட்லி உப்பும், ருசி வராது என்பதும் தெரியும்.

மாவுக்குள் வேலை செய்பவர்களில் முக்கியமான ஆளுக்கு லூக்கோநாஸ்டாக் மெசென்டிராய்டிஸ் என்று பெயர். லாக்டிக் அமிலம் உண்டாக்கும் பாக்டீரியா. இட்லி மாவைப் பொங்க வைப்பது இவர்தான் என்று 1965-ல் ஓர் அமெரிக்க ஆய்விதழில் கட்டுரையே வந்திருக்கிறது. உளுந்தோடு ஒட்டிக்கொண்டு வருகிறார். கரியமில வாயுவை விட்டு மாவைப் பொங்க வைக்கிறார், லாக்டிக் அமிலத்தை விட்டுப் புளிக்க வைக்கிறார்.

ஒயினில் இதே மாதிரி வேலை பார்க்கும் பாக்டீரியாவின் இன்றைய பெயர் ஈனோகாக்கஸ் ஈனி. 1995 வரை அதன் பெயர் லூக்கோநாஸ்டாக் ஈனோஸ். அதாவது நம் இட்லிக்காரரும் அந்த ஒயின்காரரும் அதுவரை ஒரே குடும்பப் பெயரில் ஒரே ரேஷன் கார்டில் இருந்தவர்கள். பிறகுதான் தனிக்குடித்தனம்.

ஒரே ஒரு வித்தியாசம். இட்லி மாவில் இந்தக் கூட்டம் புளிப்பைக் கூட்டும். ஒயினில் புளிப்பைக் குறைக்கும்.

மூன்று புளிப்பு

பி.காம். படித்தவனுக்கு இது புரிய நாளாயிற்று. எனக்குப் புரிந்த மாதிரியே சொல்கிறேன்.

திராட்சைச் சாற்றில் இரண்டு அமிலங்கள் முக்கியம். ஒன்று டார்டாரிக். நம் புளியங்காயில் இருப்பதும் இதுவேதான். இன்னொன்று மாலிக். பச்சை ஆப்பிளைக் கடித்தால் பல் கூசுமே, அந்தப் புளிப்பு. மூன்றாவதாக லாக்டிக், மோரில் இருக்கும் சாதுவான புளிப்பு. இது திராட்சையில் கிடையாது, பின்னால் வருகிறது. ஆப்பிளில் இருந்து மாலிக்கையும், புளித்த பாலில் இருந்து லாக்டிக்கையும் முதலில் பிரித்துக் காட்டியவர் ஒருவரே. சுவீடனைச் சேர்ந்த ஷீலே. லாக்டிக்கை 1780-ல், மாலிக்கை 1785-ல்.

முதலில் ஈஸ்ட் வருகிறது. ஒன்றிரண்டு வாரத்தில் சர்க்கரையைத் தின்று ஆல்கஹால் ஆக்கிவிடுகிறது. கடன் அதிகாரியின் கண்ணுக்குத் தயாரிப்பு அதோடு முடிந்தது. ஆனால் சிவப்பு ஒயினில் அதற்குப் பிறகுதான் பாக்டீரியா மெதுவாகப் பெருக ஆரம்பிக்கிறது. ஒரு மில்லிக்குப் பத்து லட்சம் என்ற கணக்கை எட்டியதும் மாலிக்கை உடைத்து லாக்டிக் ஆக்குகிறது. இதைத்தான் மாலோலாக்டிக் நொதித்தல் என்கிறார்கள். ஆலைக்காரர்கள் செல்லமாக "மாலோ" என்பார்கள்.

கணக்கு நேராக இருக்கும். 1 கிராம் மாலிக் கழிந்தால் 0.67 கிராம் லாக்டிக்கும் 0.33 கிராம் கரியமில வாயுவும் வரவு. இரண்டு பக்கமும் டாலி. மாலிக்குக்கு அமிலக் கை இரண்டு, லாக்டிக்குக்கு ஒன்று. ஆகவே புளிப்பு இறங்குகிறது. பச்சை ஆப்பிள் போய் மோர் வருகிறது. புளியின் டார்டாரிக்கை இந்த பாக்டீரியா தொடுவதில்லை. கூடவே கொஞ்சம் டைஅசிட்டில் உண்டாகும், வெண்ணெய் வாசனை தருவது அது.

இந்த வேலைக்கு எத்தனை நாள்? இங்கேதான் எங்கள் ஆட்களுக்கு எரிச்சல் வரும். சில டாங்கில் மூன்று வாரம். சில டாங்கில் மூன்று மாதம், அதற்கு மேலும் உண்டு. 18 முதல் 22 டிகிரி வரை அதற்குச் சுகம். குளிர்ந்தால் தூங்கிவிடும். ரொம்பச் சூடானாலும், அதோடு ஆல்கஹால் 14 சதவீதத்தைத் தாண்டினாலும் திணறும். கெடாமல் இருக்கப் போடும் சல்பர் டை ஆக்சைடு கொஞ்சம் கூடினால் மயங்கிவிடும்.

ஐரோப்பாவில் அறுவடை செப்டம்பர், அக்டோபரில். பின்னாலேயே குளிர்காலம். நிலவறையில் பாக்டீரியா உறங்கிப்போய், வசந்தத்தில் வெயில் வந்ததும் எழுந்து வேலையை முடிக்கும். கொடி தோட்டத்தில் பூக்கும்போது ஒயினும் பீப்பாயில் அசைகிறது, இரண்டுக்கும் ஏதோ சொந்தம் என்று பழைய ஆட்கள் நம்பினார்கள். நாசிக்கில் எல்லாம் தலைகீழ். அங்கே ஒயின் திராட்சை அறுவடை ஜனவரி கடைசியில் இருந்து மார்ச் வரை. பின்னாலேயே கோடை. ஈஸ்ட் வேலையை முடித்து, பாக்டீரியா அப்போதுதான் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கும் நேரத்தில் மார்ச் 31 வந்துவிடும்.

நமக்கு மார்ச் 31 என்றால் என்னவென்று வீட்டுக்காரம்மாக்களைக் கேளுங்கள். ராத்திரி பன்னிரண்டு மணிக்குச் சோறு சூடு பண்ணியவர்கள் அவர்கள்.

காகாவின் டாங்க்

அவரை ஊரில் எல்லோரும் காகா என்பார்கள். (மராத்தியில் சித்தப்பா. காக்கா இல்லை!) எட்டு ஏக்கர் திராட்சைக்காரர். ஐந்து ஏக்கரில் சாப்பிடும் திராட்சை, மூன்று ஏக்கரில் கேபர்னே, ஷிராஸ். சொந்தமாகச் சின்ன ஆலை. மகன் ஒயின் தயாரிப்பு படித்துவிட்டு வந்து கூட நின்றான். என்னை அண்ணா என்று கூப்பிடுவான். அந்தப் பக்கம் மதராஸி என்றாலே அண்ணாதான். காகா மட்டும் "சாஹேப்" என்பார், அவர் வயதுக்கு அது தேவையே இல்லை.

2016 மார்ச் கடைசி வாரம். இரண்டு டாங்க், தலைக்கு ஐயாயிரம் லிட்டர். அடக்க விலை லிட்டருக்கு 150 ரூபாய் என்று பதினைந்து லட்சம். "ஏன் பாட்டில் பண்ணவில்லை?" என்று கேட்டேன். மகன் ஆய்வுக்கூடத் தாள் ஒன்றை எடுத்து நீட்டினான். மாலிக் லிட்டருக்கு 1.6 கிராம் என்று போட்டிருந்தது. "மாலோ பாதியில் நிற்கிறது அண்ணா. இன்னும் ஆறு வாரம், எட்டு வாரம் ஆகும். 0.3-க்குக் கீழே வராமல் பாட்டில் பண்ணக் கூடாது" என்றான்.

தாளை வாங்கி ஃபைலில் குத்தினேன். என்ன எண் என்று பார்க்கவில்லை. எனக்கு மேலே இருந்தவர் போனில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "பேங்க் பாக்டீரியாவுக்காகக் காத்திருக்குமா?" நானும் சிரித்தேன். குறிப்பில் "நகராத சரக்கு" என்று எழுதினேன். பதினைந்து லட்சத்துக்கு 25 சதவீதம் மார்ஜின் போக, பதினொன்றேகால் லட்சம் டி.பி.யில் குறைந்தது. ஏற்கெனவே எடுத்திருந்த பணம் அந்த அளவுக்கு லிமிட்டைத் தாண்டியதாகக் கணக்காகிவிட்டது. 90 நாளில் சரிக்கட்டவில்லை என்றால் என்.பி.ஏ.

காகா வேறு என்ன செய்வார்? டாங்கைக் குளிர வைக்கும் கரண்ட் பில்லுக்கே பணமில்லை. இருந்ததை எல்லாம் மே மாதம் பாட்டில் பண்ணிக் கடைகளுக்கு அனுப்பினார். பதின்மூவாயிரத்துச் சொச்சம் பாட்டில்.

பாட்டிலில் பாக்டீரியா வேலை செய்யாமல் இருக்கச் சல்பர் போட்டார்கள். ஆனால் சூட்டுப் பிரதேச ஒயினுக்குப் புளிப்புக் குறைவு, பி.எச். 3.7 பக்கம் நின்றது. சல்பரில் உண்மையில் கொல்லும் பகுதி பி.எச். 3.2-ல் சுமார் 4 சதவீதம் என்றால், 3.7-ல் சுமார் 1.3 சதவீதம்தான். ஒரே அளவு மருந்து, மூன்றில் ஒரு பங்கு வேலை. பாக்டீரியாவையே வடிகட்டி எடுக்கும் 0.45 மைக்ரான் வடிகட்டி அவரிடம் இல்லை. அதற்கும் கடன் கேட்டு முந்தின வருஷம் மனு போட்டிருந்தார். அது எந்த மேஜையில் இருந்தது என்று சொல்ல வேண்டுமா?

இட்லி மாவை எவர்சில்வர் தூக்கில் இறுக்கி மூடி ரயிலில் எடுத்துக்கொண்டு வந்தவர்களுக்கு அடுத்து என்ன நடந்திருக்கும் என்று தெரியும்.

ஆகஸ்டில் நான் போனபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. திரும்பி வந்த பெட்டிகள் வராந்தா வரை அடுக்கியிருந்தன. சில கார்க்குகள் மேலே தள்ளியிருந்தன. காகா ஒன்றைத் திறந்தார். லேசாக "புஸ்" என்றது. கண்ணாடி டம்ளரில் ஊற்றினார். கலங்கல். நான் குடிக்கிறவன் இல்லை என்று அவருக்குத் தெரியும், நீட்டவில்லை. நானே விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். சோடா மாதிரி சுருக்கென்றது. ஊறிய முட்டைக்கோஸ் வாடை.

"டாங்கில் நடந்திருந்தால் இந்தக் காற்று மேலே போயிருக்கும் சாஹேப். மார்ச்சில் நடந்துகொண்டிருந்த வேலைதான். பாட்டிலுக்குள் நடக்கிறது" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். கோபப்பட்டிருக்கலாம்.

விற்றதில் பாதிக்கு மேல் திரும்பிவிட்டது. 2017 மார்ச்சில் கணக்கு என்.பி.ஏ. ஆயிற்று. இரண்டு ஏக்கரை விற்றார். வட்டியில் ஒரு பகுதியைத் தள்ளிக் கொடுத்து பேங்க் செட்டில் பண்ணிக்கொண்டது. அதாவது, காத்திருக்க மாட்டோம் என்று சொன்ன நாங்களும் நஷ்டப்பட்டோம். எட்டு வாரம் பொறுத்திருந்தால் இரண்டு பக்கமும் ஒரு பைசா போயிருக்காது.

விதி நல்லதுதான், படிப்பவன்தான் பாதி படித்தான்

"ரூல் அப்படி" என்று இப்போது யாராவது சொல்வார்கள். வகுப்பிலும் சொன்னார்கள். இந்தப் பொய்யை உடைக்காமல் விடப்போவதில்லை.

சிறு தொழிலுக்கு நடைமுறை மூலதனம் கணக்கிட நாங்கள் அதிகம் பிடித்துத் தொங்குவது நாயக் கமிட்டி வழி. 1990-களின் தொடக்கத்தில் வந்தது. வருஷ விற்பனையில் 25 சதவீதம் தேவை, அதில் 20 பேங்க், 5 பார்ட்டி. இருபத்தைந்து சதவீதம் என்றால் என்ன? வருஷத்தில் கால் பங்கு, மூன்று மாதம். அதாவது கச்சாப் பொருள் வாங்கி, தயாரித்து, விற்று, பணம் கைக்கு வர மூன்று மாதம் என்ற அனுமானம் அதற்குள் உட்கார்ந்திருக்கிறது. நட்டு போல்ட்டுக்குச் சரி. பனியனுக்குச் சரி. வருஷத்துக்கு ஒரே ஒரு தரம், இரண்டு மாதத்துக்குள், மொத்தக் கச்சாப் பொருளும் வந்து இறங்குகிற தொழிலுக்கு இது எப்படிச் சரியாகும்?

இதை ரிசர்வ் பேங்கே ஒத்துக்கொண்டிருக்கிறது. அந்த 20 சதவீதம் குறைந்தபட்சம். தயாரிப்புச் சுற்று நீளமாக இருந்து தேவை அதிகம் என்று தெரிந்தால் அதிகமாகவே கொடுக்கலாம். சுற்றறிக்கையிலேயே இருக்கிறது. நாம் முதல் வரியைப் படித்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டோம். முழுசாகப் படித்தால் ஆலைக்குப் போய்ப் பார்க்க வேண்டும், தொழிலைத் தெரிந்துகொள்ள வேண்டும். "நகராத சரக்கு" என்று எழுத ஒரு நிமிஷம் போதும், எழுதியவன் மேல் எந்த ஆடிட்டரும் கேள்வி கேட்க மாட்டான். எனக்கு அன்றைக்கு வேண்டியிருந்தது அந்தப் பாதுகாப்புதான்.

அடுத்த கேள்வியும் வரும். "எல்லா பார்ட்டியும் பாக்டீரியா வேலை செய்கிறது என்று கதை விடுவானே, விற்காத சரக்கை மறைப்பானே?"

நியாயமான கேள்வி. ஆனால் பதில் ஒரு காகிதத்தில் இருக்கிறது. தனி வகைத் தாள் ஒன்றின் அடியில் ஒயினைப் பொட்டு வைத்து, ஒரு கரைசலில் நிறுத்தினால் ஈரம் மேலே ஏறும். காய்ந்ததும் நீலப் பச்சைப் பின்னணியில் மஞ்சள் புள்ளிகள் தெரியும். கீழே டார்டாரிக், அதற்கு மேல் மாலிக், அதற்கும் மேல் லாக்டிக். நடுப்புள்ளி இருந்தால் வேலை பாக்கி. மங்கிக்கொண்டே வந்தால் வேலை நடக்கிறது. மறைந்து மேல் புள்ளி மட்டும் நின்றால் முடிந்தது, பாட்டிலுக்கு முன் ஆய்வுக்கூடத்தில் ஒரு தரம் அளவு பார்த்துவிட வேண்டியது. ஒரு நாளில் முடிகிற சோதனை. மாதம் ஒரு தாள் கேளுங்கள். மூன்று மாதமும் நடுப்புள்ளி அப்படியே இருந்தால் டாங்கில் ஏதோ கோளாறு, போய்ப் பாருங்கள். புள்ளி மறைந்தும் பாட்டில் பண்ணவில்லை என்றால் அதுதான் முடங்கிய சரக்கு, தாராளமாகக் கழியுங்கள். எந்தக் கதையும் விட முடியாது. எத்தனை தொழிலில் இவ்வளவு சுத்தமான சாட்சி கிடைக்கும்?

எனக்கு அந்தச் சாட்சி கையிலேயே கிடைத்தது. ஃபைலில் குத்தினேன்.

வேலையைச் சீக்கிரம் முடிக்க நேர்மையான வழிகளும் உண்டு. பாக்டீரியாவை உலர்த்திப் பொட்டலமாக விற்கிறார்கள். உறை மோர் மாதிரி டாங்கில் சேர்க்கலாம். ஈஸ்டோடு சேர்த்தே போட்டு இரண்டையும் ஒன்றாக முடிக்கும் முறையும் இருக்கிறது. டாங்கைக் குளிர்விக்கும் இயந்திரம், நல்ல வடிகட்டி எல்லாம் இருக்கின்றன. இதற்கெல்லாம் பணம் வேண்டும். பணம் கொடுக்க வேண்டியவன் யார்?

பாக்டீரியா எல்லாம் நல்லது, இயற்கை அன்னை பார்த்துக்கொள்வாள் என்று வாட்ஸ்அப் தத்துவம் பேசவும் நான் வரவில்லை. சர்க்கரை மிச்சமிருக்கும் டாங்கில் இதே கூட்டம் புகுந்தால் வினிகர் வாடை வரும். இதன் உறவினர்களில் சிலர் ஹிஸ்டமின் உண்டாக்கித் தலைவலி கொடுப்பார்கள். சோவினியோன் பிளாங்க் மாதிரி வெள்ளை ஒயினுக்குக் கூர்மையான புளிப்புதான் அழகு, அங்கே மாலோவை வேண்டுமென்றே தடுப்பார்கள். எந்த டாங்கில் எது வேண்டும் என்று தெரிந்தவன் சொல்ல வேண்டும். அன்றைக்கு அங்கே தெரிந்தவன் அந்தப் பையன். முடிவெடுத்தவன் நான்.

காத்திருந்தவர்களும் இருக்கிறார்கள்

இந்தத் தவறைப் பெரியவர்களும் செய்திருக்கிறார்கள். பால் புளிப்பதற்கு நுண்ணுயிர் காரணம் என்று 1857-ல் எழுதிய பாஸ்டரே, 1866-ல் ஒயினைப் பற்றி நூல் போட்டபோது ஒயினில் பாக்டீரியா என்றாலே நோய் என்றுதான் பார்த்தார். அன்று கெட்டுப்போன ஒயின்களைப் பார்த்தவருக்கு அப்படித்தான் தோன்றும். சுவிட்சர்லாந்தில் முல்லர்-துர்காவ் 1891-ல், புளிப்பு இறங்குவதே பாக்டீரியாவின் வேலையாக இருக்கலாம் என்றார். பிறகு போர்டோவில் எமில் பெய்னோ போன்றவர்கள் இதைத் தற்செயலாக விடாமல் கவனித்து நடத்தி முடிக்க வேண்டும் என்று ஆலைக்காரர்களுக்குச் சொல்லிக் கொடுக்க இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி ஆயிற்று. விஞ்ஞானத்துக்கே ஏறக்குறைய நூறு வருஷம். சரி, எங்களுக்கும் கொஞ்சம் சலுகை கொடுக்கலாம். ஆனால் இன்றைக்கும் அதே ஸ்லைடா?

அதே போர்டோவில் வியாபாரிகள், அறுவடைக்கு அடுத்த வசந்தத்திலேயே, ஒயின் இன்னும் பீப்பாயில் இருக்கும்போதே பணத்தைக் கொடுத்து வாங்கிவிடுகிறார்கள். பாட்டில் கைக்கு வர மேலும் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். காத்திருப்பதற்கும் ஒரு விலை வைத்துவிட்டார்கள்.

இத்தாலியில் கிரெடிட்டோ எமிலியானோ என்று ஒரு பேங்க் இருக்கிறது. பார்மிஜானோ சீஸ் செய்பவர்களிடம் அந்த சீஸையே ஈடாக வாங்கிக்கொண்டு கடன் கொடுக்கிறது. ஒரு சக்கரம் நாற்பது கிலோ பக்கம். குறைந்தது பன்னிரண்டு மாதம், பெரும்பாலும் இருபத்து நான்கு மாதம் முதிர வேண்டும். அதற்கென்றே பேங்கின் சொந்தக் கிடங்குகளில் லட்சக்கணக்கான சக்கரங்கள். தட்டிப் பார்த்து உள்ளே விரிசல் இருக்கிறதா என்று சொல்ல ஆள் வைத்திருக்கிறார்கள். அந்த சீஸுக்குள்ளும் வேலை செய்வது லாக்டிக் பாக்டீரியாதான். ஒவ்வொரு மாதமும் ஈட்டின் மதிப்பு ஏறுகிறது என்று அந்த பேங்குக்குத் தெரியும். நம் ஸ்டாக் ஸ்டேட்மெண்டில் வயதான சரக்கு என்றாலே மதிப்புக் குறைய வேண்டும். நமக்குத் தெரிந்த ஒரே விதி அதுதான்.

பேங்க் பாக்டீரியாவுக்காகக் காத்திருக்குமா? காத்திருக்கிற பேங்க் இருக்கிறது சார். நஷ்டத்திலும் ஓடவில்லை.

இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் பேங்கிலோ ஆடிட் ஆபீஸிலோதான் இருப்பீர்கள். வடக்கே வந்த தமிழன் வேறு எங்கே போவான். ஒயின் ஆலை உங்கள் மேஜைக்கு வராமல் போகலாம். ஊறுகாய் வரும், சீஸ் வரும், வினிகர் வரும், மாவு அரைத்து விற்கும் நம்மூர் அக்காவின் முத்ரா கடன் வரும். டாங்கில், தொட்டியில், பாத்திரத்தில் எதுவோ சும்மா கிடக்கிற மாதிரி தெரியும். பேனாவை எடுக்கும் முன்னால் ஒரே ஒரு கேள்வி, "உள்ளே என்ன நடக்கிறது?" என்று அந்த ஆளைக் கேளுங்கள். பதில் புரியவில்லை என்றால் வீட்டுக்குப் போய் மாவுப் பாத்திரத்தைத் திறந்து பாருங்கள்.

வகுப்பில் நான் எழுந்து சொன்னேனா என்று கேட்பீர்கள். சொன்னேன். காகிதச் சோதனையையும் சொன்னேன். வகுப்பெடுத்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இன்ட்ரஸ்டிங்" என்றார். அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார். டீ இடைவேளையில் ஒரு புதுப் பெண் அதிகாரி மட்டும் வந்து, அந்தத் தாள் எங்கே கிடைக்கும் என்று கேட்டு எழுதிக்கொண்டாள். அவளும் இப்போது நாசிக் கிளையில்தான் இருக்கிறாளாம்.

காகா ஆலையை மூடவில்லை. இருக்கும் ஆறு ஏக்கரில் பையன்தான் பார்த்துக்கொள்கிறான். கடன் வேறு பேங்கில். தீபாவளிக்கு வாழ்த்து அனுப்புவான், இன்னமும் அண்ணா என்றுதான். மாலிக் 1.6 என்று போட்ட அவன் தாள் அந்தக் கிளையின் பழைய ஃபைலில், என் குறிப்புக்கு நேர் பின்னால், இன்றைக்கும் இருக்கும்.

டிஸ்கி 2: தங்கமணி பக்கத்தில் நின்று படித்துவிட்டு, "மூன்றாம் நாள் உங்களைத் திட்டினது மாவுக்காக இல்லை" என்கிறாள். எதற்கு என்று கேட்கும் தைரியம் இல்லை. பின்னூட்டத்தில் சொல்லுங்கள், உங்கள் ஊர்க் குளிரில் மாவை எங்கே வைக்கிறீர்கள்? :-)